கருநீல நீச்சலுடையில் ஓடிய லெட்சுமி

செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசர் என் மெஷின் பக்கம் வந்து, "ஆபீஸ்ல உனக்குப் போன்" என்றார். நம் தொழிற்சாலையில் தையல்காரிகளுக்குப் போன் வராது. வந்தால் நல்லதற்கு வராது. அடுத்த மெஷின் காலியாகக் கிடந்தது. லெட்சுமி தூங்கிவிட்டாள், வரட்டும், கேலி பண்ணிக்கொள்ளலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

போனில் லெட்சுமியின் தம்பி. "அக்கா எழுந்திரிக்க மாட்டேங்குதுக்கா" என்றான்.

"மூஞ்சியில தண்ணி தெளிடா" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்க்கா."

"அப்புறம் என்னலா, கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு சட்டைக்குக் கை வைத்துத் தைத்து முடித்த பிறகுதான் அவன் சொன்னது என் மண்டையில் ஏறியது.

தூக்கத்திலேயே இருதயம் நின்றுவிட்டதாம். யாருடைய இருதயம் என்று கேட்கிறேன். கடலில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, அதற்குமேல் வெயிலில் ஓடவும் ஓடியவளின் இருதயம். வயது இருபத்தொன்பது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நான் இதோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளை அறிந்த உங்களில் யாருக்காவது இது விளங்கினால் எனக்கும் வந்து சொல்லுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றபோது லெட்சுமியின் குடும்பம் தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்குக்கு வந்தது. அவள் என் பக்கத்து மெஷினுக்கு வந்தாள். தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டையில் அண்ணன்மாரோடு குதித்து நீச்சல் பழகியவள். தொழிற்சாலை விளையாட்டு மன்றத்தில், லூமுட் கடற்கரையில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி நடக்கப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரசு, நான் போறேன்டி" என்றாள். நான் சிரித்தேன். அவள் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டாள்.

முதல் போட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகிறது. நீச்சலுடை போட வெட்கப்பட்டுக்கொண்டு, பருத்திச் சட்டையும் முழுக்கால் சட்டையுமாகக் கடலில் இறங்கினாள். அந்தத் துணி பாதிக் கடலைக் குடித்துவிட்டது. கரையேறியபோது கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சப்பாத்துக் கயிறு அதைவிடக் கொடுமை. ஓட்டத்தில் அவிழக்கூடாது என்று முதலிலேயே கட்டி வைத்திருந்தாள். எந்த முடிச்சு தெரியுமா? வெட்டிய துணிகளை அடுக்கிக் கட்டி நம் மெஷினுக்கு அனுப்புவார்களே, அந்த முடிச்சு. கத்தரிக்கோல் இல்லாமல் அது அவிழ்ந்து நாம் பார்த்ததுண்டா? ஈரக்கால் உள்ளே போகவில்லை. பல்லால் கடித்தாள். கடைசியில் குதிகாலை மிதித்து, சப்பாத்தைச் செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு சைக்கிளும் ஓட்டி, ஓடியும் முடித்தாள். பெண்களில் கடைசி ஆள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் சொன்னது: "நனைஞ்சா வெக்கமும் கனக்குதுடி."

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டோம். கழிவுக்குப் போன, இழுத்தால் நீளும் இழுவைத் துணியைக் கேட்டு வாங்கி, வெள்ளோட்டமாக இளமஞ்சளில் ஒரு நீச்சலுடை தைத்தோம். தைத்த எங்களுக்கே பெருமை தாங்கவில்லை. நல்ல வேளை, என் வீட்டுக் குளியலறையிலேயே அவளுக்குப் போட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். துணி இருந்த இடமே தெரியவில்லை! நான் கத்தினேன், அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். அடுத்தது கருநீலம். கழுத்தைச் சற்று ஏற்றி வைத்தாள், நீந்தும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் புகுந்து பை மாதிரி நிற்காதிருக்க. தொடையிடுக்கில் தையல் உரசும் என்று அதைத் தட்டையாக மடித்துத் தைத்தாள். உடம்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும், தோளை இழுக்கக்கூடாது. நான்கு தடவை பிரித்தாள். "உடுப்ப மாத்த நின்னா நாலு பேரு தாண்டிப் போயிடுவாங்க. ஒரே உடுப்பு, தண்ணியில எறங்கி ஓட்டம் முடியிற வரைக்கும்" என்பாள். சப்பாத்துக் கயிறுகளை உருவி எறிந்துவிட்டு, குழந்தைச் சட்டைக் கைக்கு வைக்கும் மெல்லிய எலாஸ்டிக்கைக் கோத்து, இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். முடிச்சே கிடையாது. முதலில் இறுகிப்போய் விரல் மரத்தது. ஒரு விரல் அகலம் தளர்த்தியதும் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கருநீல உடை கொடியில் காய்ந்த அன்று அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, "இதப் போட்டுக்கிட்டு ஊரு முன்னால நின்னான்னா, அப்புறம் எங்கூடப் பேச வேணாம்னு சொல்லிடு" என்றார். லெட்சுமி போனாள். அவர் சொன்னபடியே செய்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அவளச் சாப்பிடச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்வார். அவள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். இவள் மட்டும் தினமும் "அப்பா, வேலைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். பதிலில்லாத வீட்டில் பதினோரு மாதம் அப்படிச் சொல்ல எனக்கு முடியாது. நான் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அந்த இரண்டாவது போட்டிக்கு நான் போயிருந்தேன். தண்ணீரிலிருந்து அவள் எழுந்து வந்ததைப் பார்க்க வேண்டும். உடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கவில்லை. சப்பாத்தில் கால் நுழைந்தது, சைக்கிள் கிளம்பியது. நான் கைதட்டக் கையெடுப்பதற்குள் ஆளைக் காணோம். பெண்களில் இரண்டாவதாக வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "இப்பப் பேசுவாருலா?" கோப்பையை வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்தாள். அவர் செய்தி பார்த்தார், பெட்டியை அணைத்தார், படுக்கப் போனார். "தாத்தா காலத்துப் புடிவாதம், சூசாலா, லேசுல எறங்காது. அடுத்த தடவ மொதலா வரேன், அப்பப் பேசுவாரு" என்றாள் மறுநாள். அந்த அடுத்த போட்டிக்குத்தான் தினமும் ஓடிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மாலைகூட ஓடினாள்.

செவ்வாய் மதியம் தைப்பிங் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு முன்னால் போட்டிருந்த கூடாரத்தில் அவள் அப்பா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெண்கள் அழும் சத்தம். என்னைக் கண்டதும் கையைக் காட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு நீ கூடப் போனியாம்மா?"

"போனேன்."

"அவளுக்குப் பின்னால எத்தன பேரு வந்தாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் அதையே கேட்டார். "பதினெட்டுப் பொண்ணுங்கப்பா. ஆம்பளைங்க பாதிப் பேரு" என்றேன்.

"எல்லாம் எங்கேருந்து வந்தவங்க?"

"ஈப்போவுலேருந்து, கோலாலம்பூருலேருந்து. கோச்சு வச்சுப் பழகுனவங்க."

"பதினெட்டுப் பேரு" என்றார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார், சொன்னேன். மழைச் சத்தத்தில் கேட்காததை மறுபடி கேட்டார்.

கருமக்கிரியை அன்றும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைத் தேடி வந்து, "எத்தன பேருன்னு சொன்ன?" என்றார். மறந்துபோய்க் கேட்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

லெட்சுமி, பதினோரு மாதம் நீ காத்திருந்த கேள்வியை உன் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீ சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்றுதான் இப்போது என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அவர் கேட்கும்போதெல்லாம் சொல்கிறேன். பதினெட்டுப் பேர் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், இரண்டடி தூரத்தில் நீ நிற்கிறாயா என்று நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கிறோம்.