கழுவாத பஞ்சு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. நாலு பேர் கூடும் இடத்தில் சுவரோரமாக நிற்கிற ஆள். அப்படிப்பட்டவள், வீட்டு மீன்தொட்டிக்கு எவ்வளவு வடிகட்டி வேண்டும் என்று எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். எழுத வந்ததற்காக மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதும் விஷயத்துக்காக நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

என் மகன் மீன் வாங்கும் கடைக்காரர், எங்கள் தொட்டிக்கு ஒரு ஃபில்டர் போதாது, பெரிய மோட்டார் வைத்த ஃபில்டர் இன்னொன்று வேண்டும், பஞ்சை அடிக்கடி எடுத்துச் சுத்தமாக அலச வேண்டும் என்கிறார். எங்கள் தொட்டியில் இருப்பது சின்னக் காற்று மோட்டார் ஒன்று, அதன் குழாய் முனையில் ஸ்பாஞ்சு ஒன்று. குமிழி குறைந்தால், தொட்டியிலிருந்தே மொண்ட தண்ணீரில் அதைப் பிழிந்து திரும்ப வைத்துவிடுவேன். குழாயடிக்குக் கொண்டுபோக மாட்டேன். ஸ்பாஞ்சின் மேல் பழுப்பாக, வழவழவென்று படிகிறதே, அதில்தான் மீனின் கழிவைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. வடிகட்டுவது அவைதான். ஸ்பாஞ்சு அவற்றுக்கு வீடு, அவ்வளவே. இதைச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் பிறப்பதற்கு முன்பே இதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அப்போது நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு, இந்தப் பக்கம் பண்ணை வீடு. ஊர்ச் சுவரெல்லாம் கட்சிச் சின்னம். இனி நம்முடைய ஆட்சி என்று மேடை போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்சி எங்களுடையதாக இருந்திருக்கலாம். வயல் பண்ணையாருடையதாகவே இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் அந்த வயலில்தான் வேலை செய்தார்கள். வயலில் வேலை இல்லாத நேரத்தில் அம்மா பண்ணை வீட்டுக் கொல்லையில் பாத்திரம் துலக்குவாள், சாணி அள்ளுவாள், நெல் அவிப்பாள்.

அந்த வருஷம் பண்ணையார் பட்டணத்திலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்து, கூடத்தில் கொல்லைப்பக்க ஜன்னலை ஒட்டி வைத்தார். அதில் தங்கமீன்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் வெள்ளைப் பஞ்சு, ஒரு மோட்டார். மோட்டார் ஓடினால் தண்ணீர் பஞ்சு வழியாகப் போய்ச் சுத்தமாகி வரும் என்று பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். பஞ்சு என்றைக்கும் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதனால் தினமும் பஞ்சும் பெட்டியும் அடியில் கிடந்த கூழாங்கல்லும் ஒரு கூடையில் கொல்லைக்கு வரும். அம்மா கழுவிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கொல்லைக் கதவிலிருந்து வாய்க்கால் படித்துறைக்கும் படித்துறையிலிருந்து கொல்லைக் கதவுக்கும் கூடை தூக்குவது என் வேலை. ஜன்னல் வழியாக மீன் பார்ப்பது கூலி.

மீன்கள் செத்தன. இன்றைக்கு ஒன்று, இரண்டு நாள் விட்டு இன்னொன்று. பண்ணையார் புது மீன் வாங்கி வந்து விட்டார், அவையும் செத்தன. மோட்டாரைப் பெரிதாக்கினார், பஞ்சுப் பெட்டியை இரண்டாக்கினார். அந்த வேகத்தில் மீன்கள் ஓரமாக ஒண்டிக் கிடந்தன, பிறகு செத்தன. கடைசியில் பண்ணை வீட்டம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். செத்த மீனை முறத்தில் வைத்துக் கொல்லையில் போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"தண்ணியில ஒண்ணுமில்ல. கைதான் சரியில்ல. எந்தெந்த அழுக்கத் தொட்டுட்டு வர்றியோ."

அம்மா அடுத்த நாள் முதல் துணி சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியும் மீன் செத்தது. நெல் அவிக்கும் அண்டாவிலிருந்து கொதிநீர் மொண்டு பஞ்சை அதில் முக்கி எடுத்தாள். மீன் செத்தது. பஞ்சாயத்து ஆள் கிணற்றுக்குப் போட பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்தபோது அவரிடம் கெஞ்சி ஒரு கை வாங்கி, அதைக் கரைத்து ஊறவைத்துக் கழுவினாள். பஞ்சு மல்லிகைப் பூ மாதிரி இருந்தது. அன்றைக்கு மூன்று மீன்கள் ஒன்றாக மிதந்தன. அவள் கை வெந்து தோல் உரிந்திருந்தது. என் அம்மாவைப் போலச் சுத்தமாக இந்த ஜில்லாவில் யாரும் மீன்தொட்டிப் பஞ்சைக் கழுவியிருக்க மாட்டார்கள். கழுவக் கழுவப் பழி கூடியது.

குறுவை நெல் முற்றத் தொடங்கிய சமயத்தில் அறுப்புக் கூலியில் தகராறு வந்தது. கேட்டதைக் கொடுக்க முடியாது, வெளியூர் ஆட்களை வைத்து அறுத்துக்கொள்கிறேன், நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது என்று பண்ணையார் சொல்லி அனுப்பினார். எங்கள் தெருவில் சங்கத்தை நடத்தியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பண்ணையாரின் வயலிலும் களத்திலும் கொல்லையிலும் நம் ஆள் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று கூட்டம் போட்டு முடிவானது. பஞ்சை யார் கழுவுவது என்று நான் கேட்டேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"மீனெல்லாம் சங்கத்துல உறுப்பினர் இல்ல புள்ள. போய் விளையாடு" என்றார் மாமா.

எனக்கு விளையாட்டு ஓடவில்லை. நன்றாகக் கழுவியபோதே செத்த மீன், கழுவாவிட்டால் மொத்தமாகச் செத்துவிடும். அதுவும் அம்மா தலையில்தான் விடியும் என்று பயமாக இருந்தது. தடையை மீறினேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாய்க்கால் கரையோடு போய், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நுழைந்து, ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. இரண்டொரு நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. மறுபடி போனேன், மறுபடியும் போனேன். பஞ்சு பழுப்பேறிச் சாணி நிறத்துக்கு வந்திருந்தது. அதைத் தொட வீட்டில் எல்லோருக்கும் அருவருப்பு போலிருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை. பெரிய மோட்டார் கெட்டுப்போய், பழைய சின்ன மோட்டார்தான் முனகிக்கொண்டிருந்தது. தண்ணீரோ தெளிந்துகொண்டே வந்தது. மீன்கள் ஓரத்தை விட்டு நடுவில் நீந்தின. மிச்சமிருந்த மீன்களில் ஒன்றும் குறையவில்லை. நான் எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கொல்லைக்குப் போனது தெரிந்துவிடும்.

நெல் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. வெளியூர் ஆட்கள் வருவார்கள் என்ற பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. தாசில்தார் ஜீப்பில் வந்து பண்ணைக் களத்திலேயே பேச்சுவார்த்தை வைத்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால். பண்ணையார் எங்கள் குறைகளை அடுக்கினார். நேரத்துக்கு வருவதில்லை, வேலையில் சுத்தம் இல்லை. கடைசியாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வேற எதுக்குங்க தாசில்தார், ஒரு மீன்தொட்டிப் பஞ்சு. அதக்கூட இவங்களால ஒழுங்கா கழுவ முடியல. அத்தனை மீனும் போச்சு."

அம்மாவின் தலை குனிந்தது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காதவள், முந்தானையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன்.

"எங்கம்மா கழுவுறத நிறுத்துனதுக்கப்புறம் ஒரு மீனும் சாகல. பஞ்சு அழுக்கா இருக்கு, மீன் நல்லா இருக்கு. போய்ப் பாருங்க."

தாசில்தார், அப்படியா என்பது போலப் பண்ணையாரைப் பார்த்தார். பண்ணையார் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கணம் யோசித்தார், பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கேட்டீங்களா? இவங்க வேலைக்கு வராம இருந்தாத்தான் எல்லாம் நல்லா இருக்காம். அவ பொண்ணே சொல்லுது. நான் இதத்தானே சொல்றேன்?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். சொன்னது உண்மை, அது எப்படி எங்களுக்கு எதிராகப் போனது என்று எனக்கு விளங்கவில்லை. அப்போது அம்மா நிமிர்ந்தாள். அவள் பண்ணையாரின் முகத்தைப் பார்த்துப் பேசி நான் அதுவரை கண்டதில்லை.

"எம்பொண்ணு சொன்னது நெசந்தாங்க. மீன சும்மா விட்டா பொழைச்சுக்கும். நெல்ல சும்மா விட்டுப் பாருங்க. இன்னும் நாலு நாளுல அத்தனையும் மண்ணுல கொட்டிக் கெடக்கும்."

இப்போது எங்கள் பக்கம் சிரித்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தாசில்தார் எழுந்து வரப்போரம் போய் ஒரு கதிரை உருவிப் பார்த்தார். நெல் கையோடு வந்தது. பிறகு அவர் பேசியதெல்லாம் பண்ணையாரிடம் மட்டும்தான், தாழ்ந்த குரலில்.

வீட்டுக்கு வரும் வழியில் எல்லோரும் அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் மீனைப் பற்றிச் சொன்னதை யாரும் பேசவில்லை என்று எனக்கு வருத்தம். நான் ஜெயித்ததாகவே நினைத்திருந்தேன். அம்மா வாய்க்கால் மதகருகே நின்று, நான் சொன்னது நிஜம்தானா, ஒன்றுகூடச் சாகவில்லையா என்று கேட்டாள். சத்தியம் பண்ணினேன். அவள் உரிந்துபோன உள்ளங்கைகளை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்து, கழுவிக்கொள்ளம்மா என்று வாய்க்காலைக் காட்டினேன். அந்தப் பழியை அவளும் இத்தனை நாள் பாதி நம்பியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. எதற்கு அழுகிறாள் என்றும் தெரியவில்லை.

மறுநாள், கேட்ட கூலிக்கே அறுப்புக்கு வரச் சொல்லிப் பண்ணையிலிருந்து ஆள் வந்தது. அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வயலுக்குப் போனாள். கொல்லை வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.