நீலச் சாயம் போடாத அரிதட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதப் பிற்பகல். கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் கடற்சேறு கழுவும் வேலை எனக்கு.

சேற்றை அரிதட்டு என்ற நுண்ணிய சல்லடையில் கழுவினால் உப்புத் தூளைவிடச் சிறிய ஓடுகள் மிஞ்சும். எப்போதோ கடலில் வாழ்ந்த ஒற்றைக்கல உயிரிகளின் ஓடுகள். கரையோரத்தில் வாழ்ந்தவை ஒரு வடிவம், ஆழ்கடலில் வாழ்ந்தவை வேறு வடிவம். அவற்றைப் பார்த்தே அந்தச் சேறு படிந்த காலத்தில் கடலடி எப்படி இருந்தது என்று சொல்லலாம். அரிதட்டின் கண்களில் சில ஓடுகள் சிக்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் அரிதட்டை நீலச் சாயத்தில் ஊறவைப்போம். பழைய ஓடு அடுத்த மாதிரியில் விழுந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும்.

நான் கழுவிக் கொடுத்த மாதிரிகளை வைத்து, ஹுன்னஸ்கிரிய பக்கத்து மாணவி ஒருத்தி ஆய்வேடு எழுதினாள். கிழக்குக் கரையில் கடலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பான களப்பு ஒன்றின் சேற்றில், ஓர் அடுக்கில் ஏழு ஆழ்கடல் ஓடுகள் கிடைத்தன. பழங்காலத்தில் ஒரு பேரலை அவற்றை அள்ளி வந்திருக்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதினாள். ஒப்படைக்க மூன்று நாள் இருந்தபோது, அந்த மாசிப் பிற்பகலில், மிச்சம் வைத்திருந்த அதே சேற்றைத் தானே கழுவிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. ஒன்னுகூட இல்ல."

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். களப்பு ஓடுகள் மட்டுமே இருந்தன.

அவள் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். சாயத்துக்கான கட்டத்தில் என் கையால் சரி போட்டிருந்தது.

"நீங்க ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க. நான்தான் மாதிரிப் போத்தல மாத்திட்டேன் போல. ஆய்வேடு பாக்குற சேர்கிட்ட என்னான்னு சொல்றது?"

 பக்கம் முழுவதற்கும் காலையிலேயே சரி போட்டுவிடுவது என் பழக்கம். அந்தக் களப்புச் சேற்றைக் கழுவிய அன்றைக்குக் கையுறை முடிந்திருந்தது. மறுநாள் ஒரு கல்யாணம். விரல் நீலமாகிவிடும் என்று சாயத்தை விட்டுவிட்டேன். அதற்கு முன் அதே அரிதட்டில் கழுவியது ஆழ்கடல் சேறு.

"போத்தல் மாறேல்லை. அண்டைக்கு நான் சாயம் போடேல்லை," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "கல்யாணத்துல உங்க விரல யாரு அக்கா பாத்தாங்க?"

அந்த அத்தியாயம் போனது. எல்லா மாதிரிகளையும் திரும்பக் கழுவியதில் ஆய்வேடு ஆறு மாதம் பிந்தியது. ஒவ்வொரு முறையும் நான் சாயம் போடும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டபோது, அப்படியே நம்பிவிடட்டுமே என்று சில விநாடிகள் நான் பேசாமல் நின்றேன். செய்த தவறைவிட அந்த விநாடிகளை நினைத்தால்தான் இன்றும் எனக்குத் திக்கென்கிறது.