கவிழ்த்து வைத்த துரும்பு

என் கணவர் யோகலிங்கம் திருகோணமலைத் துறைமுகத்தில் லோஞ்சுப் படகுகளின் இயந்திரம் திருத்துகிறவர். வேலை தெரிந்த மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முந்நூற்றுநாலு என்கிற சீட்டாட்டம் விளையாட உட்கார்ந்தால் நீதவான் ஆகிவிடுவார். மத்தியானச் சோற்றுக்கு வருகிறவரை வாசலிலேயே மறித்து, "யோகண்ணை, இந்தப் பிடி ஆருக்கு?" என்று கேட்க ஆட்கள் நிற்பார்கள். சோறு ஆறிப்போகும். இவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அந்த விளையாட்டில் ஏலம்போல் கேட்டுக் கேள்வியை வென்றவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டை, எங்கள் பேச்சில் கடுதாசியை, எடுத்துக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துரும்பு. எந்த இனம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் துரும்பால் வெட்டலாம். கவிழ்த்து வைத்த அந்தக் கடுதாசியாலேயே வெட்டலாமா என்பதில்தான் சண்டை. வெட்டலாம் என்பது எங்கள் டவுன் ஆட்களின் வழக்கம். வேறொருவர் வெட்டித் துரும்பு வெளியே வரும்வரை அதைத் தொடக்கூடாது என்பது கட்டைபறிச்சான் கிராமத்து ஆட்களின் வழக்கம்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது குச்சவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் கிடந்தோம். பக்கத்துப் பாயில் கட்டைபறிச்சான் இராசதுரையும் அவர் மனைவி அன்னலட்சுமியும். ஆமிக்காரர் சுற்றிவளைத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கதை அடிபட்டது. பின்னேரம் வடக்கே புறப்படும் வள்ளத்தில் இன்னும் ஒரு குடும்பத்துக்குத்தான் இடம் என்றார் வள்ளக்காரர் பாக்கியரத்தினம். கேட்டு நின்றதோ நாங்கள் இரண்டு குடும்பம்.

"திருவுளச்சீட்டுப் போடுங்கோ" என்றேன்.

"அது குருட்டு அதிஷ்டம். ஒரு ஆட்டம் விளையாடுவம், வெல்லுறவர் போகட்டும்" என்றார் இவர். இராசதுரையும் ஓம் என்றார். பெண்சாதிமாரை யார் கேட்டது? ஆளுக்கொரு கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு பாயில் இருந்துவிட்டார்கள். எந்த ஊர் வழக்கப்படி என்று மட்டும் இரண்டு மேதாவிகளும் பேசிக்கொள்ளவில்லை.

இவர்தான் துரும்பு வைத்தார். இராசதுரை பெரிய கடுதாசி ஒன்றை இறக்கினார். அந்த இனம் இவர் கையில் இல்லை. கவிழ்த்து வைத்திருந்ததைத் திருப்பி வெட்டினார். அந்தப் பிடி யாருக்கோ அவருக்குத்தான் ஆட்டம்.

"அது செல்லாது அண்ணை. துரும்பு இன்னும் வெளியில வரேல்லை" என்றார் இராசதுரை.

"நான் திருப்பினா வந்திட்டுதுதானே?"

"திருப்ப ஏலாது எண்டுதானே சொல்லுறன்."

தொடங்கிவிட்டது. பாக்கியரத்தினம் வந்து, "முடிஞ்சுதோ? நான் வெளிக்கிடவேணும்" என்றார். "பொறுங்கோ, இதைத் தீர்த்துப்போட்டு வாறம்" என்றார்கள் இருவரும். அன்னலட்சுமியும் நானும் மூட்டைகளோடு நின்றோம். பொறுக்க முடியாமல் இவர் கையிலிருந்த கடுதாசிகளைத் தட்டிவிட்டேன். மனிதர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பழையபடி அடுக்கிக்கொண்டு வாதாடினார். அந்தக் கையை நான் முறித்திருக்க வேண்டும்.

வள்ளம் போய்விட்டது. எங்களுக்கென்று வைத்திருந்த இடத்தில் நெல்மூட்டை ஏற்றினார்களாம்.

மறுநாள் காலை சுற்றிவளைப்பு. ஆண்களை முற்றத்தில் வரிசையாக விட்டார்கள். இவருக்குப் பின்னால் இராசதுரை. நாங்கள் இருவரும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம், பேசினால் கேட்கிற தூரத்தில் நின்றோம்.

"அண்ணை, உங்கட வழக்கப்படியே வைப்பம். நீங்கள்தான் வெண்டனீங்கள்" என்றார் இராசதுரை.

"இல்லைத் துரை, நீங்கள் சொன்னதுதான் நியாயம்" என்றார் இவர்.

இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே வாகனத்தில் ஏறினார்கள். இரண்டு பேரும் இன்றுவரை வரவில்லை.