குதிகால் பிரேக்

மலைச்சரிவில் வளர்ந்த நான் சமதரையிலும் குதிகாலை ஊன்றித்தான் ஓடுவேன். அதனால்தான் போன வருடம் தேயிலைத் தோட்டத்துத் தம்பதியர் அஞ்சலோட்டத்தில், மனைவி செல்வி முதலாவதாக வந்து கோலைத் தந்தும் கடைசியானோம்.

“ஏங்க, ஓடச் சொன்னா பிரேக் போடுறீங்க! இந்தத் தடவையாவது செயிக்கணும். முன்பாதத்த ஊனுங்க, முட்டிய தூக்குங்க.”

வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்ற இடத்திலேயே முட்டியைத் தூக்கிப் பழகினேன்.

“என்ன மச்சான், கால்ல அட்டை ஏறிருச்சா?” என்றான் பக்கத்து வீட்டு ராஜா. லயமே சிரித்தது. நான் உள்ளே நழுவப் பார்த்தேன்.

கொழுந்தெடுத்துக் களைத்து வந்த செல்வி, கூடையை இறக்கிவிட்டு என்னருகே நின்று முட்டியைத் தூக்கினாள். “வாங்கண்ணே, நீங்களும் பழகுங்க” என்றதும் ராஜா மறைந்தான்.

போட்டியன்று என்னை ஒருவர்தான் முந்தினார். இரண்டாம் பரிசுக்கே செல்வி துள்ளினாள்.

ஊர் சிரிக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும் தைரியம் அவளிடம் இருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் வீட்டுக்குள் ஓடும் வேகம்தான்.