ஈரக்கையும் கண்ணாடி வளையலும்

எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். இனியும் மனசு கேட்கவில்லை.

சாத்தூரில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்த புதிது. மாரியம்மன் படத்துக்கு மேலே ஒரு பல்பு மாட்டியிருந்தோம். ஆடி வெள்ளியன்று குளித்த ஈரப்புடவையோடு அதைப் போடப் போனேன். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற வழியில் தண்ணீர் கேட்டு வந்த காரியாபட்டி நடைக்கூட்டத்து அக்காள் ஒருத்தி, வாசலிலிருந்து சத்தம் போட்டாள்.

“ஏத்தா, ஈரக்கையோட சுவிச்சத் தொடாத!”

“சாமி வெளக்குதான, ஒண்ணும் செய்யாதுக்கா.”

தொட்டேன். கை ஒட்டிக்கொண்டது, குரல் எழவில்லை. அவள் ஓடிவந்து, சுவரில் சாய்த்திருந்த உலக்கையால் என் கையைத் தட்டிவிட்டாள். வளையல்கள் நொறுங்கின.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா வளையல ஒடச்சிட்டீகளே!” என்று அழுதேன்.

“அம்புட்டுத்தானா? உசுரு போயிருந்தா எவ கைக்குத்தா வளையலு?”

சிரித்துக்கொண்டே தன் ஒரு கை வளையல்களைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, நடைக்கூட்டத்தோடு சேர ஓடிவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பெயரும் கேட்கவில்லை.

ஒவ்வோர் ஆடியிலும் இருக்கன்குடிக் கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடுகிறேன். கேட்டவர்கள், அம்மனே வந்தாள் என்கிறார்கள். அனுப்பியது அம்மன்தான், வந்தவள் தாகத்தோடு வந்த மனுஷி. இதை நாலு பேருக்குச் சொன்னால், மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள். என்றாவது அவள் காதில் விழுந்தால், அன்று குடிக்காத தண்ணீரைக் குடிக்க வருவாள்.