வெள்ளை டயலுக்கு அடியில்

என் கணவரின் வருஷத் திதியன்று, இலை போட்டு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய அண்ணன் அந்தப் பேச்சை மறுபடியும் எடுத்தார்.

"எங்கப்பா வாச்சு மஞ்ச மூஞ்சி. ரப்பர் ஸ்டோர்ல ஷீட்டுக்குப் புகை போடுற வேலை பாத்து, புகை ஏறுன மூஞ்சி. தம்பி ரிப்பேருக்குக் கொண்டுபோனான், வெள்ளை மூஞ்சி வாச்சோட வந்தான். நல்லதை வித்துப்புட்டு வேற ஒண்ணைக் கட்டிக்கிட்டான்."

கடைக்காரன் கேட்காமலே டயலுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டான், வாட்ச் அதேதான் என்று என் கணவர் சாகும்வரை சொன்னார். அண்ணன் நம்பவில்லை. கணவரின் அண்ணன், அதாவது மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எனக்கு எங்கேயுமே சட்டென்று பேச்சு வராது. என் மகள்தான் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"செத்தவரோட என்ன வழக்கு பெரியப்பா? ரத்தினபுரிக்குப் போவோம். பழைய வாச்சு பாக்குறவரு சொல்லட்டும்."

"சொல்லட்டுமே. எனக்கென்ன பயம்?"

மூன்று பேரும் போனோம். மாணிக்கக் கல் வியாபாரிகள் கூடி நிற்கிற தெருவில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் சிங்களப் பெரியவர். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் 'ஒரிஜினல்' என்று கேட்கத்தான் ஆசைப்படுவார்கள். நானோ, பெயிண்ட் அடித்தது என்று சொல்லிவிட வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரிஜினல் என்றால் என் கணவர் பொய்யர் ஆகிவிடுவார்.

"எழுத்தைப் பாருங்க," என்றார் அவர் சிங்களத்தில். "கம்பெனி எழுத்து வெட்டி வச்ச மாதிரி இருக்கும். இது ஓரமெல்லாம் தடிச்சிருக்கு. நிமிஷக் கோடு ஒண்ணு நெருக்கம், ஒண்ணு தூரம். ஆறுக்குக் கீழ இருக்க வேண்டிய பொடி எழுத்தையே காணோம். பெயிண்ட் அடிச்சதுதான். பாவம் அம்மா, ஒரிஜினலா இருந்தா நல்ல விலை போயிருக்கும்."

சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மூத்தார் விடவில்லை. "வேற வாச்சுக்கும் பெயிண்ட் அடிக்கலாந்தானே? எங்கப்பா வாச்சுல கண்ணாடி உடைஞ்சு, ஒம்பதுக்குப் பக்கத்துல ஒரு கீறல் விழுந்துச்சு. கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். அது எங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். சிங்களத்தில் என்றால் எனக்குக் கொஞ்சம் கூச்சம் குறையும். "மாத்தியா," என்று மரியாதையாகக் கூப்பிட்டு, "டயலைக் கழட்டிப் பாக்க ஏலுமா?" என்றேன்.

முள்ளை எடுத்தார், டயலைத் தூக்கினார். மூடிக்குள் மறைந்திருந்த விளிம்பில் பெயிண்ட் ஏறவில்லை. அங்கே புகை மஞ்சள். அந்த ரிப்பேர்க்காரன் பழசைச் சுரண்டாமல் மேலேயே அடித்திருக்கிறான். அவன் ஒழுங்காக வேலை செய்திருந்தால் எங்களுக்கு ஒரு சாட்சியும் மிஞ்சியிருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேடிக்கையாகவும் பயமாகவும் இருக்கிறது.

கடைக்காரர் டயலை வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியை மூத்தாரிடம் கொடுத்தார். வெள்ளைக்கு அடியில் ஒன்பதின் பக்கம் மெல்லிய பள்ளம் வளைந்து ஓடியது. எனக்கு வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"தெரியுதா பெரியப்பா?"

"இரு புள்ள."

வெகுநேரம் பார்த்தார். மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் கழட்டியதையெல்லாம் திரும்பப் பூட்டி, நேரம் வைத்து, வாட்சை மூத்தாரிடம் நீட்டினார். அவர் கை நீட்டவில்லை.

"எனக்கில்ல மாத்தியா," என்றார். "அது என் தம்பி வாச்சு. அவங்க கையில குடுங்க."