இருதயம்மா வாங்கிய அவன்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது கேக் வேண்டுமென்றால் இருதயம்மா வீட்டுக்குத்தான் போவார்கள். பகலெல்லாம் மலையில் கொழுந்து பறிப்பவள், சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு மாவு குழைக்க உட்கார்ந்துவிடுவாள். தேவாலயத்தில் புதுநன்மை, கல்யாணம், பிள்ளைக்குப் பேர் வைப்பது, எதுவானாலும் அவள் கேக்தான். சட்டிக்கு மேலேயும் கீழேயும் தணல் போட்டே பல வருஷம் சுட்டவள், போன வருஷம் துணிந்து பண்டாரவளைக்குப் போய் மின்சார அவன் ஒன்று வாங்கி வந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே கூடி நின்று அதைத் தொட்டுப் பார்த்தது.

வண்ண வண்ண அடுக்காய்ப் போட்ட முதல் ரிப்பன் கேக் வெளியே வந்தபோது ஒரு பக்கம் கரி, மறு பக்கம் கூழ். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். கரியும் கூழும் இடம் மாறினவே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். முதலாளி இல்லை. விற்பனைக்கு நின்றவன் மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் சொன்னான்: "லயத்துக் கரண்ட்டுக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா. நல்ல வீட்டுல வச்சா ஒழுங்கா வேலை செய்யும்."

கேக் கருகியதைக்கூடத் தாங்கிக்கொண்டவளுக்கு அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் வாய் ஓயவில்லை.

"விட்டுடு புள்ள. கடைக்காரங்களோட நமக்கு என்னாத்துக்கு வம்பு?" என்றார் கணவர் மாணிக்கராஜ்.

"நல்ல வீடாம்ங்க! நம்ம வீட்டுக்கு என்னா கொறச்சல்? நான் சும்மா விடப் போறதில்ல."

மறுவாரமே பதுளையில் நுகர்வோர் முறைப்பாடு எடுக்கும் அலுவலகத்தைத் தேடிப் போனாள். மேசைக்குப் பின்னால் விஜயலெட்சுமி என்ற இளம் அதிகாரி இருந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

"அவன் சரியில்லங்க மிஸ். வந்த நாள்லேருந்தே ஒரு பக்கம் மட்டுந்தான் சூடு. இன்னொரு பக்கம் ஜில்லுனு கெடக்கு. திருப்பிக் கொண்டுபோய் விட்டா எடுத்துக்க மாட்டேங்குறாங்க."

விஜயலெட்சுமி பேனாவைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா, குடும்பப் பிரச்சினைக்கு இங்க வந்து பிரயோசனம் இல்ல. உங்க வீட்டுக்காரர எங்க திருப்பிக் கொண்டுபோய் விட்டீங்க?"

"ஐயய்யோ! அந்தாளு நல்ல மனுசன் மிஸ். நான் சொல்றது கேக் சுடுற அவன!"

பக்கத்து மேசைக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்த சிரிப்பில் இருதயம்மாவும் சேர்ந்துகொண்டாள். அதன் பிறகு விஜயலெட்சுமி கூடவே இருந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். கடைக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கடைசியில் சங்கதி நீதிமன்றம் வரை போய், விசாரணைக்குத் தவணைத் தேதியும் விழுந்தது.

அன்றிலிருந்து லயத்தில் வேறு பேச்சே கிடையாது. வழக்குப் பார்க்க வேன் கொண்டு வருவதாக டிரைவர் கந்தப்பன் சொன்னான். எந்தச் சேலை கட்டுவது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஜெயந்தினி கறுப்புத் துண்டைத் தோளில் போட்டு நீதவானாகி, கேள்வி மேல் கேள்வி கேட்டாள். இருதயம்மா பதில் சொல்லிப் பழகினாள். ராத்திரி படுத்தால் மட்டும் ஒரே யோசனை. பெரிய கடைக்காரர், வக்கீல் வைத்துக்கொண்டு வந்தால்?

தவணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் வீடு திரும்பியபோது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. கடை முதலாளி ஜௌபர் வந்திருந்தார். கூடவே கரண்ட் வேலை தெரிந்த ஜஸீல்.

"தங்கச்சி, கோட்டுலேருந்து கடிதம் வந்த பொறகுதான் எனக்கு விஷயமே தெரியும். முன்னாடி வந்ததெல்லாம் என் கண்ணுலயே படல. என்னன்னு நானே பாத்துட்டுப் போக வந்தேன்."

"பாருங்க மொதலாளி. நல்லா பாருங்க." அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிடக்கூட இல்லை. மாணிக்கராஜ்தான் நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஜஸீல் கரண்ட்டைச் சோதித்தான். "கரண்ட்ல ஒரு கொறையும் இல்ல மொதலாளி."

"அப்ப ஒரு கேக் போடுங்க. கண்ணாலயே பாத்துடுவோம்," என்றார் ஜௌபர்.

லயம் முழுக்க வாசலில் கூடிவிட்டது. கேக் வெளியே வந்தது. ஒரு பக்கம் கரி, மறு பக்கம் கூழ். ஜௌபர் கத்தியை வாங்கி, நடுவில் தப்பிய துண்டை மட்டும் வெட்டி வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு வெட்டினார்.

"இவ்வளவு நல்லா போடுற கைக்கு இப்படி ஒரு சாமானையா வித்திருக்கோம்!" என்றார். "நாளைக்கே புதுசு வந்துரும். நாசமாப்போன முட்டை, பட்டருக்கும் நானே பொறுப்பு. சரியா தங்கச்சி?"

"சரியில்ல மொதலாளி."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"லயத்துக் கரண்ட்டு, நல்ல வீடுன்னு உங்க கடையில இனி ஒருத்தரும் பேசக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் வழக்கு முடியும்."

யார் அப்படிச் சொன்னது என்று ஜௌபர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் முகம் சிவந்துபோயிற்று. "அது பெரிய தப்பு. அவனே வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பான்," என்றார். அப்போதுதான் இருதயம்மா உள்ளே போய்த் தேநீர் போட்டாள்.

புது அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த விற்பனைக்காரனேதான். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டவனுக்கு அந்தப் புது அவனிலேயே அப்போதே சுட்ட பட்டர் கேக்கைக் கொடுத்து அனுப்பினாள்.

ஆனால் லயத்துக்கு மனசே ஆறவில்லை. "வழக்கு இல்லையா? அப்ப வேனு?" என்றான் கந்தப்பன்.

"சமாதானமாயிட்டோம்னு கோட்டுல போய்ச் சொல்லணுமில்ல? எல்லாரும் வாங்க," என்றாள் இருதயம்மா.

நீதிமன்றத்தில் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக நிறைந்திருந்த வாங்குகளைப் பார்த்த நீதவான், "இவ்வளவு பேரும் சாட்சியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. சந்தோசத்துல வந்தவங்க," என்றாள் இருதயம்மா.

நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழக்கை முடித்து வைத்தார். அங்கிருந்து வேன் நேரே துன்ஹிந்தை அருவிக்குப் போனது. சாரல் முகத்தில் தெறிக்க, ஒரே சீராய்ப் பொன்னிறத்தில் வெந்த ரிப்பன் கேக்கை ஆளுக்கொரு துண்டாக வெட்டிக் கொடுத்தாள். மாணிக்கராஜ் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். அந்த வருஷ நத்தார் பண்டிகைக்குப் பண்டாரவளையிலிருந்தும் ஆள் வந்து கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போனது.